தெரியவில்லை என்று எழுதுங்கள்

அவசரப் பிரிவின் மஞ்சள் பகுதியில் மூச்சு வாங்கப் படுத்திருந்த ஜெலுத்தோங் தாத்தா ஒருவர், நான் அல்ட்ராசவுண்ட் கருவியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், ஆக்சிஜன் முகமூடியைச் சற்றே விலக்கிவிட்டு, “ஏன் டாக்டரம்மா, இது புள்ளத்தாச்சிங்களுக்குப் பாக்குற மெஷின்தானே? எனக்கு எதுக்கு?” என்று கேட்டார். அருகில் நின்ற தாதி சிரிப்பை அடக்கமாட்டாமல் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். “நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கான்னு பாக்கணும் தாத்தா” என்று சொல்லி அவர் மார்பில் ஜெல்லைத் தடவினேன். “ஐயோ, சில்லுன்னு இருக்கு” என்றாரே தவிர, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பினாங்கில் அவசர மருத்துவம் பார்ப்பவளாகவும், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இளம் மருத்துவர்களுக்கு இந்தக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவளாகவும் இருக்கிற எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. அதில் தவறும் இல்லை. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1958-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரைதான், வயிற்றுக்குள் இருப்பதை மீயொலியால், அதாவது அல்ட்ராசவுண்டால், பார்க்க முடியும் என்பதை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் நெடுங்காலம் அது கர்ப்பிணிகளின் கருவியாகவும், கதிரியக்கப் பிரிவின் விளக்கணைத்த அறைக்கருவியாகவுமே இருந்தது. அவசரப் பிரிவுக்குள் அது நுழைந்தது விபத்துக் காயங்களின் வழியாக. வயிற்றில் அடிபட்டவரின் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று அறிய, தொப்புளுக்குக் கீழே துளையிட்டு உப்புநீர் விட்டு வடித்துப் பார்த்த காலம் போய், கட்டிலருகிலேயே நான்கு இடங்களில் புரோப் என்ற கைக்குமிழை வைத்துப் பார்க்கும் ‘ஃபாஸ்ட்’ என்ற முறை தொண்ணூறுகளில் பரவியது. அமெரிக்க இராணுவ ஆய்வு நிதியிலிருந்து பிறந்த, இரண்டரைக் கிலோ எடைகூட இல்லாத கையடக்கக் கருவி 1999-ல் சந்தைக்கு வந்தது. அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி இத்துறைக்கான வழிகாட்டு நெறிகளை 2001-ல் வெளியிட்டது. நம் நாட்டில் அவசர மருத்துவத்துக்கென முதுநிலைப் படிப்பைக் கிளந்தானின் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1998-ல்தான். ஆக, அவசர மருத்துவமும் கட்டிலருகு அல்ட்ராசவுண்டும் இங்கே ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகளாக வளர்ந்தவை. நான் அவற்றோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் மீயொலியை முதலில் அறிந்தவள் நான் அல்லேன், என் அப்பா. பிறை தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்தவர். மருத்துவமனையில் புதிதாகக் கற்றுக்கொண்ட இந்த வித்தையைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் வீட்டில் நான் பெருமையாக விவரித்துக்கொண்டிருந்தபோது, அவர் தேத்தண்ணீரை ஆற்றியபடியே, “பசை மாதிரி ஒண்ணைத் தடவி, குமிழ வெச்சு நவுத்திப் பாப்பாங்களே, அதானே?” என்றார். வெல்டு செய்த தகடுகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர்களிடம் அந்தப் பெட்டி இருந்ததாம். அவர்களுடைய திரையில் படம் வராது. ஒரு கோடும் அதில் எழும்பும் முனைகளும்தான். இரும்புக்குள் விரிசல் இருந்தால் நடுவில் ஒரு முனை எழும்பும். விரிசல் இல்லாவிட்டால் தகட்டின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் முனை மட்டும் நிற்கும். அப்பா அன்று சொன்ன ஒரு விஷயத்தை நான் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டேன். “அந்த அடிமுனையும் வரலைன்னா இரும்பு சுத்தமா இருக்குன்னு அர்த்தமில்ல, சத்தம் உள்ள போவவே இல்லன்னு அர்த்தம். புது இன்ஸ்பெக்டருங்க அதைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவானுங்க.” டொனால்டு தம் முதல் சோதனைகளுக்குப் பயன்படுத்தியதும் தொழிற்சாலைகளில் உலோக விரிசலைத் தேடும் இதே வகைக் கருவிதான் என்று பிற்பாடு படித்தபோது, அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன் என்றேன். ஆனால் பிடித்துக்கொண்ட வேளை தாமதமானது. 2005-ஆம் ஆண்டு, நான் எம்.ஓ. எனப்படும் மருத்துவ அலுவலராக வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது, இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பிய தொழிற்சாலைப் பையன் ஒருவனை, உயிராபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். லோரியின் பின்புறத்தில் மோதியிருந்தான். இடது விலாவில் சிராய்ப்பு, நாடித்துடிப்பு நூற்றுப்பத்து, இரத்த அழுத்தம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. வலிக்குத் துடிப்பு ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். ஃபாஸ்ட் பரிசோதனையை நானே செய்தேன். வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள பள்ளம், இடப்பக்கம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள பள்ளம், இதயத்தைச் சுற்றியுள்ள உறை, அடிவயிறு. திரையில் இரத்தம் கருப்பாகத் தெரியும், எங்கும் கருப்பில்லை. தாளில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாற்பது நிமிடம் கழித்து அவனுடைய அழுத்தம் சரிந்தது. எனக்கு மூத்த மருத்துவர் ஓடிவந்து, புரோபை வாங்கி, இடது விலாவில் நான் வைத்த இடத்தைவிட மேலேயும் பின்னாலேயும் கொண்டுபோனார். அவருடைய விரல் கணுக்கள் கட்டில் விரிப்பில் அழுந்தும் அளவுக்குக் கை பின்னால் போயிற்று. மண்ணீரலின் மேல்முனைக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில், பிறை நிலா வடிவில், கன்னங்கரேல் என்று இரத்தம்.

இடப்பக்கத்தில் இரத்தம் முதலில் தேங்குவது பெரும்பாலும் அங்கேதான். மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்கு அது பிறகுதான் வரும். வலப்பக்கத்திலும் கல்லீரலின் கீழ்நுனியைப் பார்க்காமல் பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால் இதே பிழை நேரும். இதெல்லாம் எனக்கு அப்போதும் ஏட்டளவில் தெரியும். அன்று நான் உதரவிதானத்தைப் பார்க்கவே இல்லை; விலா எலும்பின் நிழல் மறைத்த இடத்தை, பார்த்துவிட்ட இடத்தோடு சேர்த்துக் கணக்கெழுதிவிட்டேன். அப்பா சொன்ன புது இன்ஸ்பெக்டர் நான்தான். பையனுக்கு அன்றிரவே மண்ணீரலை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். அவனுடைய அம்மா மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னபோது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கற்பித்தல் முழுவதும் அந்தத் தாளில் நான் எழுதிய ஒரு சொல்லிலிருந்து தொடங்கியது என்றால் அது மிகையாகாது. எங்கள் பிரிவில் பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். பயிற்சிக்கு வரும் ஹவுஸ்மேன்களிடம் முதல் நாளே ‘தாக் அடா’ வேறு, ‘தாக் நம்பாக்’ வேறு என்று சொல்லிவிடுவேன். முன்னது இல்லை; பின்னது கண்ணுக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் யாராவது குழுவில் இருந்தால் எனக்கு வேலை இன்னும் எளிது. ‘தெரியவில்லை’ என்று தமிழில் சொன்னால், கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதும் அறியேன் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் வேறெந்த மொழியிலும் கேட்டதில்லை. ஃபாஸ்ட் பரிசோதனையின் முடிவுகள் இரண்டல்ல, மூன்று: உண்டு, இல்லை, உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மூன்றாவது, நூல்களில் முறையாக இடம்பெற்றுள்ள முடிவு. ஆனால் நடுநிசியில், அறுவை மருத்துவர் தொலைபேசியில் “இரத்தம் இருக்கா, இல்லையா?” என்று கேட்கும்போது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த மூன்றாவது விடையைச் சொல்ல வாய் வராது. திறமைக் குறைவை ஒப்புக்கொள்வதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே என் வகுப்பில் நோயைப் பார்ப்பதற்கு முன் பரப்பைப் பார்க்கச் சொல்கிறேன். இடது விலாவில் புரோபை வைத்தவுடன் ‘இரத்தம் இருக்கிறதா’ என்று தேடக்கூடாது. உதரவிதானம் எங்கே, மண்ணீரலின் மேல்முனை எங்கே, கீழ்முனை எங்கே, சிறுநீரகம் எங்கே என்று விரலால் திரையில் தொட்டுக் காட்ட வேண்டும். நான்கையும் காட்டிய பிறகுதான் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை வரும். இது அப்பாவின் அடிமுனைதான். ஒலி உள்ளே போய்த் திரும்பியதற்கு முதலில் சாட்சி வேண்டும்.

கையைப் பழக்குவது வேறொரு பாடு. புரோபை அசைக்கும் விதங்கள் நாலைந்து உண்டு: நகர்த்துவது, சாய்ப்பது, சுழற்றுவது, அழுத்துவது, விசிறுவது. இவற்றில் விசிறுவதைத்தான் பிள்ளைகள் தவறாகச் செய்வார்கள். விசிறச் சொன்னால் நகர்த்துவார்கள். எத்தனை முறை விளக்கியும் விளங்காமல், ஒருநாள் “சாத்தே விற்கிறவர் அடுப்பை எப்படிக் கிப்பாஸ் பண்ணுகிறார், அதைச் செய்” என்றேன். கிப்பாஸ் என்றால் மலாயில் விசிறி. கரியடுப்பில் சாத்தே இறைச்சியைச் சுடுகிறவரின் கை அடுப்பைச் சுற்றி வருவதில்லை. மணிக்கட்டு ஒரே இடத்தில் நிற்க, விசிறி மட்டும் முன்னும் பின்னும் சாய்கிறது. அன்று முதல் எங்கள் பிரிவில் அந்த அசைவுக்குப் பெயர் ‘கிப்பாஸ்’ என்றே நிலைத்துவிட்டது. வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு எம்.ஓ. இது ஏதோ புதிய ஆய்வு முறை என்று எண்ணி இணையத்தில் தேடிப் பார்த்ததாகக் கேள்வி.

இரத்தக் குழாயில் ஊசி செலுத்தப் பழகுவதற்கு விற்பனையில் கிடைக்கும் மாதிரிகளின் விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். நாங்கள் அகார்-அகாரில் செய்கிறோம். தீபாவளிக்குச் செய்வதைப்போலச் சீனியும் பாலும் சேர்ப்பதில்லை. மற்றபடி வேலை ஒன்றுதான். அகாரைக் கட்டியாகக் காய்ச்சி, மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் இசப்கோல் உமியைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். உமி இல்லாவிட்டால் திரை முழுக்கக் கருப்பாக வரும். உமியிருந்தால் சதையைப்போலப் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறம் காட்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். நுரையைக் கரண்டியால் வழித்தெடுக்காவிட்டால் ஒவ்வொரு குமிழியும் திரையில் வெள்ளைப் புள்ளியாகி ஊசியோடு குழம்பும். பாதி ஊற்றி, அது உறைந்தபின், சிவப்பு சிரப் கலந்த நீர் நிரப்பிய நீள பலூனைக் கிடத்தி, மீதியை மேலே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒன்றாக ஊற்றினால் பலூன் மிதந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் நாலைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே வகுப்புக்கு முந்தைய இரவில்தான் செய்ய வேண்டும். என் வீட்டுச் சமையலறையில் அந்த ஒரு பானைக்கு மட்டும் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது, யாரும் தவறி எடுத்துச் சாப்பிட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஊசி சரியாகப் போனால் சிரிஞ்சில் சிவப்பு சிரப் ஏறும். பிள்ளைகள் அப்போது போடும் சத்தம் நாலு அறைக்குக் கேட்கும்.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் உண்மையான பாடத்தைத் தொடங்குவேன். இரத்தக் குழாயைக் குறுக்குவெட்டாகப் பார்க்கும்போது ஊசி திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி ஊசியின் முனையாகவும் இருக்கலாம், நடுத்தண்டாகவும் இருக்கலாம். ஒலிக்கற்றை ஊசியை எங்கே வெட்டுகிறதோ அந்த இடம் புள்ளியாகிறது, அவ்வளவுதான். தண்டைப் பார்த்து முனை என்று நம்பித் தள்ளிக்கொண்டே போனால், முனை பின்சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கும். அகாரைக் கத்தியால் பிளந்து, பலூனின் பின்புறத்தில் இருக்கும் ஓட்டைகளை எண்ணிக் காட்டுவேன். இரத்தக் குழாய்க்குள் ஊசி வைக்கும்போது அல்ட்ராசவுண்ட் கட்டாயம் வேண்டும் என்று வாதிடுபவள்தான் நான். கழுத்துச் சிரைக்கு அதைப் பயன்படுத்தும்படி மருத்துவ நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2002-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனாலும், படம் கண்முன் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கை தாராளமாகிவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நுரையீரலைக் கற்றுக்கொடுக்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். மீயொலி உடலின் மென்திசுவில் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும்; காற்றைச் சந்தித்தால் அங்கேயே திரும்பிவிடும். நுரையீரலோ காற்றுப் பை. அதனால் மீயொலிக்கு நுரையீரலில் வேலையில்லை என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் காற்றில் பட்டுத் திரும்பும் ஒலி திரையில் உண்டாக்கும் பொய்த்தோற்றங்களையே பிடிவாதமாகப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, காற்று நிறைந்த நுரையீரலின் எதிரொலி ஒரு விதமாகவும், நீர் கோத்த நுரையீரலின் எதிரொலி வேறு விதமாகவும் வருவதைப் பயன்படுத்தி, மூச்சுத்திணறலின் காரணத்தைக் கட்டிலருகிலேயே பிரித்தறியும் ‘ப்ளூ’ என்ற முறையை 2008-ல் வெளியிட்டார். ஜெலுத்தோங் தாத்தாவின் மார்பில் நான் பார்த்தது அதைத்தான். நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை டார்ச் விளக்கின் கதிர்களைப்போல இறங்கும் பி கோடுகள், இருபுறமும், நிறைய. அவருக்கு ஆஸ்துமா என்று சொல்லி ஆவி பிடிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரச்சினை இதயத்தில் இருந்தது.

விலாக்களுக்கிடையே ஓர் ஒற்றைக் கோட்டை மட்டும் காலப்போக்கில் வரைந்து காட்டும் ‘எம் மோடு’ என்ற வசதி உண்டு. ஆரோக்கியமான நுரையீரலில் மேல்பாதி அலையலையாகவும் கீழ்பாதி மணல் பொடியாகவும் வரும். இதை நூல்கள் கடற்கரை அடையாளம் என்கின்றன. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டால் மணல் மறைந்து, கடைப் பொருட்களின் பட்டைக்கோடுபோல வெறும் கிடைக்கோடுகள் நிற்கும். பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. செயற்கை மூச்சுக்காக வாய்வழியே செலுத்திய குழாய் ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் போய்விட்டாலும், பழைய நோயால் உறை ஒட்டிப்போயிருந்தாலும், நோயாளி மூச்சே விடாமல் இருந்தாலும் மணல் மறையும். பட்டைக்கோட்டைப் பார்த்ததும் மார்பில் ஊசி குத்தக் கிளம்பிய ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். குழாயை இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்ததும் மணல் திரும்பி வந்தது.

வெளிநாட்டுப் பயிற்சி நூல்களில் அதிக இடம் பெறாத, எங்களுக்கு அன்றாடமான ஒன்று டெங்கி. பினாங்குக்கு அது பழைய விருந்தாளி. இந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவான டெங்கி 1901-02 காலத்தில் இந்தத் தீவில் கண்டதுதான். காய்ச்சல் வந்து நான்காம் ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்துவிடும். “காச்சல் விட்டுருச்சு டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?” என்று அம்மாக்கள் கேட்பார்கள். அந்த நாளைத்தான் நாங்கள் பயப்படுவோம். இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, நீர்ப்பகுதி வெளியேறத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையின் சுவர், வழக்கமான மூன்று மில்லிமீட்டருக்குள் இராமல், அடுக்கடுக்காக வீங்கியிருக்கும். வலது நுரையீரலுக்குக் கீழே மெல்லிய கருப்புப் பட்டையாக நீர் கோத்திருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத நிலையிலும் இதைப் பார்த்துவிடலாம். ஆனால் பித்தப்பைச் சுவரைப் பார்த்துப் புட்டி புட்டியாக உப்புநீர் ஏற்றக்கூடாது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கசிந்த நீர் ஓரிரு நாளில் இரத்தத்துக்குத் திரும்பி வரும். அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் நோயாளி அப்போது மூழ்குவார். நீர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் படம் காட்டும். எவ்வளவு கொடுப்பது என்பதை நாடி, இரத்த அழுத்தம், கை கால்களின் சூடு, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோக்ரிட், சிறுநீரின் அளவு ஆகியவை சேர்ந்து சொல்ல வேண்டும். பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஆறு மணி நேரத்தில் நான்கு முறை புரோபை வைத்துப் பார்த்தோம். நான்காம் முறை அவளே சட்டையைத் தூக்கிக்கொண்டு, “ஜெல்லை முதல்ல கையில வெச்சு சூடு பண்ணுங்க டாக்டர்” என்று எனக்குப் பாடம் எடுத்தாள். அன்றிலிருந்து நான் அப்படியே செய்கிறேன்.

இதயம் நின்றுபோனவருக்கு மார்பழுத்தம் கொடுக்கும்போது நிலைமை வேறு. துடிப்பைச் சரிபார்க்க நிறுத்தும் இடைவெளி பத்து விநாடியைத் தாண்டக்கூடாது. இதயம் அசைகிறதா, இதய உறையில் இரத்தம் தேங்கி அழுத்துகிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பயனுள்ளது. 2016-ல் வெளியான, 793 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வில், இதய அசைவு தெரிந்தவர்கள் பிழைப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்த ஆய்வுகள், புரோப் உள்ளே வந்ததும் அந்த இடைவெளி கணிசமாக நீண்டுவிடுவதைக் காட்டின. எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. எல்லாருடைய கண்ணும் திரையில், மார்பில் யாருடைய கையும் இல்லை. இப்போது மார்பழுத்தம் நடக்கும்போதே புரோபை உரிய இடத்தில் வைத்துக் காத்திருக்கச் சொல்கிறோம். நிறுத்தியதும் ஒருவர் உரக்க எண்ணுவார். காட்சியைப் பதிவுசெய்ய வேண்டும், பத்தில் கையை எடுக்க வேண்டும், அழுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகுதான் பதிவை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்துக்குள் ஒன்றும் பிடிபடாவிட்டால், பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டு விலக வேண்டும். பதினோராவது விநாடியைக் கேட்பவரை நான் வகுப்பில் கொஞ்சம் கடுமையாகவே நடத்துவதுண்டு.

தேர்ச்சியை எப்படி அளப்பது என்பதில் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. ஒவ்வொரு வகைப் பரிசோதனையிலும் 25 முதல் 50 வரை, தரம் பார்க்கப்பட்ட ஸ்கேன்கள் என்பது அமெரிக்க வழிகாட்டு நெறிகள் வைத்த கணக்கு. ஏதோ ஓர் எண் வேண்டும்தான். ஆனால் பயிற்சிக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டும் பிள்ளையிடம், இந்த இருபத்தைந்தில் இரத்தம் இருந்தவை எத்தனை என்று கேட்டால், பல சமயம் ஒன்றோ இரண்டோதான் வரும். இருபத்து மூன்று சரியான வயிறுகளைப் பார்த்தவருக்குச் சரியான வயிறு தெரியும். நோயைத் தெரியும் என்று நான் எப்படிக் கையெழுத்திடுவது? வாரந்தோறும் பதிவுகளை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது அதற்காகத்தான். அங்கே ‘இல்லை’ என்று எழுதியவற்றையே முதலில் எடுப்பேன். இப்போது சட்டைப்பையில் வைத்துக் கைப்பேசியில் செருகும் கருவிகளும் வந்துவிட்டன. ஒலியை எழுப்பும் படிகங்களுக்குப் பதிலாகச் சில்லு பொருத்திய, ஒரே புரோபில் உடல் முழுவதும் பார்க்கும் வகைக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் ஆசையாகச் சொந்தப் பணத்தில் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவற்றில் பார்த்ததைப் பலர் பதிவு செய்வதில்லை; பதிவில்லாத பார்வையை நான் திருத்தவும் முடியாது, பாராட்டவும் முடியாது. புரோபைத் துடைக்காமல் ஜெல் காய்ந்த நிலையில் தொங்கவிடுவதைப் பற்றியும், கம்பியைத் தரையில் விட்டுக் கட்டில் சக்கரத்தை ஏற்றுவதைப் பற்றியும் நான் இங்கே எழுதத் தொடங்கினால் கட்டுரை முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஃபாஸ்ட் படிவத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தேன்: உறுதியில்லை. முதல் சில மாதங்கள் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. பிறகு ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசி. வந்து இரண்டு மாதமே ஆன ஹவுஸ்மேன் பெண், தமிழ்ப் பிள்ளை. “டாக்டர், அடிவயிறு தெரியல. மத்த மூணும் இல்லைன்னு போட்டிருக்கேன், இதுல மூணாவது கட்டத்தை டிக் பண்ணிருக்கேன். சர்ஜன் என்னன்னு கேக்குறாரு.” குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி. வீட்டிலிருந்து கிளம்பி, ஆள் நடமாட்டமில்லாத ஜாலான் மெக்காலிஸ்டர் வழியாகப் போனேன்.

விஷயம் எளிது. நோயாளி வந்தவுடனே சிறுநீர்க் குழாய் போட்டுவிட்டிருந்தார்கள், சிறுநீர்ப்பை காலி. நிறைந்த சிறுநீர்ப்பைதான் அடிவயிற்றுக்குச் சன்னல். அது சுருங்கிவிட்டால் குடலின் காற்று முன்னால் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்தப் பெண்ணிடம், குழாய் வழியாக இருநூறு மில்லிலிட்டர் உப்புநீரை மெதுவாக ஏற்றிக் கவ்வி போடச் சொன்னேன். புரோபை அவளே பிடித்தாள். திரையின் நடுவில் சிறுநீர்ப்பை கருப்பாக விரிந்து வந்தது. அதன் பின்சுவருக்கு அப்பால் ஒரு மெல்லிய கருப்பு ஆப்பு, குடலா இரத்தமா என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்கு. அவள் என்னைப் பார்த்தாள். நான் கிப்பாஸ் என்று கை காட்டினேன். இருபுறமும் விசிறிப் பார்த்தாள். நானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். நோயாளியின் அழுத்தம் நிலையாக இருந்தது. டிக் அதே கட்டத்தில் இருக்கட்டும் என்று சொல்லி, சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினோம். கல்லீரலில் சிறு கிழிசல், அடிவயிற்றில் கொஞ்சம் இரத்தம். கத்தி வைக்காமல் வார்டில் வைத்துக் கவனித்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

சி.டி. அறையிலிருந்து நாங்கள் திரும்பியபோது மணி நாலரை. தே ஓ குடிக்கலாம் வா என்று அவளைக் கூப்பிட்டேன். “இருங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு, புரோபையும் கம்பியையும் அடிமுதல் நுனிவரை துடைத்துச் சுருட்டி மாட்டிவிட்டுத்தான் வந்தாள்.